குதிரை விரும்பிய கோமகன்

பாகாலாவிலிருந்து திருப்பதிக்கு வரும் இரயிலில் சாளரத்தின் அருகே அமர்ந்திருப்போர்க்கு, சந்திரகிரி நிலையத்தை நெருங்குகையில் பாறைகள் அடுக்கிய குன்று ஒன்று தோன்றும். அதன் அடிவாரத்தில் பழைய கோட்டை மதிலும் இராஜமகால் எனப்படும் அரண்மனையும் இன்றும் நிற்கின்றன. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-ஆம் ஆண்டில் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. பிழைப்பின் பொருட்டு இப்பகுதிக்கு வந்த தமிழராகிய நம்மில் பலர், மலையப்பனை நினைந்த மனத்தினராய் இவ்வூரைக் கடந்து போகிறோம். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தனாகப் பணியாற்றும் யானும் பல்லாண்டு அவ்வாறே கடந்து போனவன். ஒரு விடுமுறை நாளில் இறங்கிப் பார்த்த பின்னரே, இம்மண்ணோடு தொடர்புடைய பேரரசர் ஒருவரின் வாழ்வைக் கற்க வேண்டும் என்னும் ஆவல் பிறந்தது. அவரே கிருஷ்ணதேவராயர். அவர்தம் வெற்றிகளையும் புலமையையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். வாழ்நாள் முழுதும் அவர் உள்ளத்தைப் பிணித்திருந்த குதிரைக் காதலைப் பற்றி மட்டும் இம்மலரில் எழுத விரும்புகிறேன்.

அக்காதல் அவருக்கு முன்னிருந்தோர் வழியாக வந்தது எனலாம். சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர், 1485-ஆம் ஆண்டளவில் விஜயநகர அரியணையைக் கைக்கொண்டார். அவரைப் பற்றி நூனிஸ் என்னும் போர்த்துக்கேயர் ஒரு செய்தியை எழுதி வைத்துள்ளார். நரசிம்மர் ஆர்மஸ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை வரவழைத்தார். வணிகர் கேட்ட விலையைக் கொடுத்தார். மூன்று குதிரைகளுக்கு 1,000 பொற்காசு என்பது கணக்கு. கடலில் இறந்துபட்ட குதிரையின் வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினாலும், உயிரோடு வந்த குதிரைக்குரிய விலையையே அளித்தாராம். வழியில் சேதமுற்ற சரக்குக்கு இழப்பீடு கோரும் விண்ணப்பங்களை நாள்தோறும் புரட்டுகின்ற எனக்கு இச்செய்தி பெருவியப்பை ஊட்டியது. இன்று எத்தனை சான்று, எத்தனை கையொப்பம் வேண்டியிருக்கின்றன! அன்று ஒரு வால் போதுமானதாயிருந்தது. வணிகன் அஞ்சாமல் மறுபடியும் கப்பலேற வேண்டுமானால், கடலால் வரும் நட்டத்தை அரசன் ஏற்க வேண்டும் என்பதை அம்மன்னர் உணர்ந்திருந்தார்.

அந்நரசிம்மரின் படைத்தலைவர் துளுவ நரச நாயக்கர். அவருக்கும் நாகலாதேவிக்கும் பிறந்த மைந்தரே நம் கிருஷ்ணதேவராயர். இளவரசராயிருந்த காலத்தில் அவர் சந்திரகிரிக் கோட்டையில் தங்கியிருந்தார் என்றும், பின்னாளில் அரசியான சின்னாதேவியை இங்கேதான் கண்டார் என்றும் இவ்வட்டாரத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். தமையனார் வீரநரசிம்மருக்குப் பின், 1509-ஆம் ஆண்டில் அவர் அரசரானார்.

குதிரைக்காக இத்துணை ஏக்கம் ஏன் என்று அன்பர்கள் வினவலாம். தென்னாட்டின் வெப்பமும் புல்லும் உயர்ந்த சாதிக் குதிரைகள் பெருகுவதற்கு ஏற்றவை அல்ல. சங்க காலத்திலேயே பூம்புகார்த் துறையில் குதிரைகள் கடல் வழியாக வந்திறங்கின என்று பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்ட மாணிக்கவாசகரின் வரலாற்றையும், நரியைப் பரியாக்கிய திருவிளையாடலையும் அறியாத தமிழர் இலர். யானை நம் காட்டிலேயே கிடைத்தது. குதிரையோ பொன்னுக்கும் நட்புக்கும் மட்டுமே கிடைத்தது. படைவலிமை குதிரையைச் சார்ந்திருந்த அந்நாளில், துறைமுகம் கையை விட்டுப் போனால் நாடே கையை விட்டுப் போகும் என்னும் நிலை இருந்தது.

கிருஷ்ணதேவராயருக்கோ குதிரை, போர்க்கருவியாக மட்டும் இருக்கவில்லை. 1520-ஆம் ஆண்டை ஒட்டி விஜயநகரம் வந்த பயஸ் என்னும் மற்றொரு போர்த்துக்கேயர் அவருடைய விடியற்காலையை வருணிக்கிறார். அரசர் நடுத்தர உயரத்தினர். முகத்தில் அம்மைத் தழும்புகள் உடையவர். பொழுது புலருமுன்னே நல்லெண்ணெய் பருகி, உடலெங்கும் எண்ணெய் பூசிக்கொண்டு, வாள் சுழற்றி வியர்வை சிந்துவார். பின்னர் மல்லருடன் பொருதுவார். அதன் பின் குதிரையேறி, கிழக்கு வெளுக்கும் வரையில் வெட்டவெளியில் இங்குமங்கும் விரைந்து செலுத்துவார். நீராட்டும் வழிபாடும் அரசவையும் இதற்குப் பிறகே. எட்டுத் திக்கிலும் ஆணை செலுத்திய மன்னருக்கு ஒருவேளை அந்த இருள் பிரியும் நேரம் ஒன்றே தமக்கென்று வாய்த்த நேரமாக இருந்திருக்கலாம்.

மகாநவமி விழாவில் குதிரைக்குக் கிடைத்த பெருமையையும் பயஸ் கண்டு எழுதினார். மணியும் பட்டும் பூண்ட அரசக் குதிரைகள் குடை நிழலில் அணிவகுத்து வந்தன. அவற்றுள் தலைமையான குதிரை அரசுரிமைக்கே அடையாளமாயிருந்தது. முடிசூடும் மன்னர் அதன்மேல் ஆணையிட்டு உரிமை ஏற்பது வழக்கம். அக்குதிரை இறந்தால் வேறொன்றை அவ்விடத்தில் நிறுத்துவர்.

இக்குதிரைகளைப் பெறுவதற்கு நாடு செய்த செலவு பெரிது. விஜயநகர அரசர் ஆண்டுக்கு 13,000 குதிரைகள் வாங்கினர் என்பது நூனிஸ் தரும் கணக்கு. கூட்டிக் கழித்துப் பார்ப்பது என் தொழிலாதலின் வகுத்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு 35-க்கு மேல் வருகிறது. சிறந்தவற்றை லாயத்தில் நிறுத்திக்கொண்டு, உள்நாட்டுக் குதிரைகளை 1,000 பொற்காசுக்கு ஐந்து என்னும் விலையில் படைத்தலைவர்க்கு விற்று, அப்பணத்தைக் கொண்டே அரபுக் குதிரைகளை வாங்கினராம். 1510-இல் கோவா போர்த்துக்கேயர் வசமான பின், இவ்வாணிகத்தின் கடிவாளம் அவர்கள் கைக்குப் போயிற்று. ஆகவே அவர்களோடு நட்புப் பேணுவது கிருஷ்ணதேவராயரின் அரசியலில் முக்கியமான கடமையாயிற்று.

விருப்பம் மிகுந்த இடத்தில் ஏமாற்றமும் நேரும். கோவாவில் குதிரை வாங்கி வருமாறு அரசர் ஒரு வணிகரிடம் 40,000 பொற்காசு கொடுத்தனுப்பினார். அவர் அப்பொருளுடன் பிஜப்பூர் சுல்தானிடம் ஓடி ஒளிந்தார். ஆளையும் பொருளையும் திருப்பி அனுப்புமாறு கேட்டும் பயனில்லை. போருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த அரசருக்கு இது தக்க காரணமாயிற்று என்றும் நூனிஸ் குறிக்கத் தவறவில்லை. 1520 மே மாதத்தில் ராய்ச்சூரை அடுத்துப் பெரும்போர் மூண்டது. பீரங்கிகளின் முன் நிற்கமாட்டாமல் விஜயநகரத்தின் முன்னணிப் படை சிதறி ஓடியது. அவ்வேளையில் கிருஷ்ணதேவராயர் தம் கணையாழியைக் கழற்றி ஏவலன் கையில் கொடுத்து, தாம் மாண்டால் அதை அரசியரிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுக் குதிரைமேல் தாவி ஏறினார். புறங்காட்டி ஓடிய வீரர்கள் அவரைக் கண்டு திரும்பினர்; போரும் திரும்பியது. ஆண்டுக்கணக்கில் விடியற்காலை இருளில் செய்த பயிற்சி, அந்த ஒரு நாழிகையில் நாட்டைக் காத்தது. அன்று கைப்பற்றிய பொருள்களுள் ஆர்மஸ் குதிரைகள் மட்டும் 4,000.

போருக்காக மட்டுமா அவர் நெடுவழி சென்றார்? 1513-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்து வேங்கடவனைத் தொழுதார். உதயகிரியை வென்ற கையோடு 1514-இல் வந்தார். காளத்தியில் அவர் 1516-இல் எடுப்பித்த இராசகோபுரம் 2010-இல் இடிந்து விழுந்ததும், மீண்டும் கட்டப்பெற்றதும் நாம் கண்ணாரக் கண்டவை. தில்லையின் வடக்குக் கோபுரமும் அவர் பெயர் சொல்லும்.

நம் ஆண்டாளின் வரலாற்றை ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியமாக்கியவரும் அவரே. அந்நூலின் அரசியற் பகுதியிலும் குதிரை தலைகாட்டுகிறது. அரசன் துறைமுகங்களைப் பேண வேண்டும் என்கிறார். தொலைநாட்டிலிருந்து யானையும் நல்ல குதிரையும் கொண்டு வரும் வணிகர்க்கு ஊரும் வீடும் அளித்து, அவையில் இடம் தந்து, பரிசு வழங்கி, நல்ல ஊதியம் கிடைக்கச் செய்து உறவாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். இல்லையேல் அக்குதிரைகள் பகைவர் லாயத்தைச் சேரும் என்பது அவர் கருத்து. ஒரு வணிகர் செய்த வஞ்சகத்துக்காகப் போர் தொடுத்த மன்னரின் நூலில், வணிகரை ஐயுறுக என்னும் பாடம் இல்லை. வணிகரை மதிக்க என்னும் பாடமே இருக்கிறது.

சிற்பிகளும் அந்நாட்டின் குதிரைக் காதலைக் கல்லில் எழுதினர். அம்பியில் ஹசார ராமர் கோயில் மதிலில் குதிரைகள் வரிசை வரிசையாய் நடக்கின்றன. விட்டலர் கோயிலின் கல் தேர், கிருஷ்ணதேவராயர் காலத்தது என்பர். அதை இன்று இரண்டு யானைகள் இழுப்பதுபோல் காண்கிறோம். ஆனால் அவற்றின் பின்னே, முன்பு அங்கு நின்ற குதிரைகளின் கால்களும் வால்களும் எஞ்சியிருக்கின்றன. 2017 முதல் வெளிவந்த 50 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் உள்ளது அத்தேரே. அவர் காலத்துக்குப் பின்னும் இம்மரபு தமிழகத்தில் தழைத்தது. வேலூர்க் கோட்டைக் கோயிலிலும் திருவரங்கத்துச் சேஷகிரி மண்டபத்திலும் முன்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகள் அதற்குச் சான்று.

அவருடைய இறுதிக் காலம் இன்பமாக அமையவில்லை. 1524-இல் தாமே முடிசூட்டிய இளமைந்தன் திருமலைராயன் இறந்தான். தந்தையென மதித்த அமைச்சர் திம்மரசரை ஐயுற்றுச் சிறையிட்டார். 1529-இல் மறைந்தார். 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் தலைநகரம் பாழாயிற்று. அரசு பெனுகொண்டாவுக்குப் போய், பிறகு சந்திரகிரிக்கே வந்து சேர்ந்தது.

திருமலைக் கோயிலினுள் நுழைந்ததும், திருமலாதேவியும் சின்னாதேவியும் இருபுறமும் நிற்க, கிருஷ்ணதேவராயர் செப்புத் திருமேனியாய் நிற்பதைக் காணலாம். அங்கே அவருக்குக் குதிரை இல்லை. கூப்பிய கைகளே உள்ளன. அன்பர்கள் அடுத்த முறை மலையேறும்போது கணநேரம் அங்கே நின்று பாருங்கள். கடல் கடந்து வந்த குதிரையை நேசித்தவர், அதைக் கொண்டு வந்த அயலானுக்கும் ஊரும் வீடும் தரச் சொன்னார். அயலூரிலிருந்து வந்து இம்மண்ணில் வீடு கட்டி வாழும் நாம், அவரை நன்றியோடு நினைப்பது தகும்.