வி. கிருஷ்ணசாமி ஐயர்: கணக்குக் கேட்ட வக்கீல்

இராயபுரத்திலிருந்து துறைமுக மதிலையொட்டித் தெற்கே வருவோர், முன்னாளில் முதல் கடற்கரைச் சாலை எனப்பட்ட ராஜாஜி சாலையில், இந்தியன் பாங்கின் கட்டடத்தைக் கடந்து செல்கின்றனர். அவ்விடத்தில் ஒரு காலத்தில் ஆர்பத்நட் கம்பெனியின் மாளிகை நின்றது என்பதை அறிந்தோர் இன்று வெகு சிலரே. ஒன்று விழுந்தபின் மற்றொன்று எழுந்ததற்குக் காரணமாயிருந்தவர்களுள் முதன்மையானவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் காலஞ்சென்று நூறாண்டுக்கு மேலாயினும், அவருடைய சரித்திரம் நமக்கு இன்றும் வேண்டியதாகவே இருக்கிறது.

அவர் 1863ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ந் தேதி தஞ்சை ஜில்லா திருவிடைமருதூரில் பிறந்தார். கும்பகோணத்திலும் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் பயின்று வக்கீல் தொழிலை மேற்கொண்டார். சீமை சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்று வந்தவர்களுக்கே நியாயஸ்தலத்தில் மதிப்பு மிகுந்திருந்த காலம் அது. இந்நாட்டிலேயே சட்டம் கற்ற வக்கீல்களும் அவர்களுக்கு இளைத்தவர்களல்லர் என்பதைத் தம் உழைப்பால் நிலைநாட்டியவர்களுள் ஐயரும் ஒருவர். 1891ல் தோன்றிய மதராஸ் லா ஜர்னல் பத்திரிகையை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அவருடைய வாழ்க்கையின் பெரும் சோதனை 1906ல் வந்தது. பாரி, பின்னி, ஆர்பத்நட் என்ற மூன்று ஆங்கில வர்த்தக ஸ்தாபனங்கள் அந்நாளில் சென்னையில் தலைசிறந்து விளங்கின. அவற்றுள் மிக உறுதியானது ஆர்பத்நட் என்பதே ஜனங்களின் நம்பிக்கை. சர்க்கார் கஜானாவில் போட்ட பணத்துக்கும் அங்கே போட்ட பணத்துக்கும் அவர்கள் வித்தியாசம் காணவில்லை. வட்டியும் தாராளமாக இருந்தது. தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நட்டோ பட்டமும் அந்தஸ்தும் உடையவர். வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று எண்ணிச் சிறுகச் சேர்த்தவர்களும் பெருஞ் செல்வர்களும் ஒருங்கே அங்கு பணம் போட்டார்கள்.

1906 அக்டோபர் 22ந் தேதி திங்கட்கிழமையன்று அந்த மாளிகையின் கதவு அடைக்கப்பட்டது. கம்பெனி திவால் என்று செய்தி பரவிற்று. லண்டனில் அதனோடு தொடர்புடைய கூட்டாளியான மக்பாடியன் தம் உயிரையே மாய்த்துக் கொண்டார். சென்னையில் போட்ட பணம் கடல் கடந்து ஊக வியாபாரங்களில் கரைந்து போயிருந்தது. கை வறண்ட பிறகும் புதுப் பணம் வாங்கிப் பழைய கடனுக்கு ஈடு செய்து வந்ததே மோசடியின் மர்மம். கணக்கு எழுதிய கைகள் பல. வரவு செலவைப் பார்த்த கண்களும் பல. ஆயினும் பணம் போட்ட ஏழைக்கு எச்சரிக்கை ஒன்றும் உரிய காலத்தில் எட்டவில்லை.

இந்த நிலையில்தான் கிருஷ்ணசாமி ஐயர் திவால் வழக்கில் முன்னணியில் நின்றார். ஆளும் இனத்தைச் சேர்ந்த செல்வாக்குள்ள பிரபுவிடம், ஆங்கிலேயர் அதிகாரம் செலுத்திய நியாயஸ்தலத்தில், இந்திய வக்கீல் ஒருவர் கணக்குக் கேட்பது அந்நாளில் அற்பக் காரியமன்று. பட்டத்துக்கு வணங்காமல் பேரேட்டைப் புரட்டச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. சர் ஜார்ஜின் மீது குற்ற வழக்கும் நடந்தது. அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

மற்றவராயின் வழக்கோடு நின்றிருப்பார். ஐயரோ, நம்மவர் பணத்தை நம்மவரே பொறுப்புடன் காக்கும் பாங்கு ஒன்று வேண்டும் எனத் துணிந்தார். தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானதும் அதே அக்டோபர் மாதத்தில்தான் என்பது நினைக்கத்தக்கது. ஐயர் நகரத்தார் சமூகத்தின் ஆதரவை நாடினார். ராமசாமி செட்டியார் முதலியோர் துணை நின்றனர். 1907 மார்ச்சில் பதிவான இந்தியன் பாங்க், ஆகஸ்டு 15ந் தேதி பாரி கட்டடத்தில் வேலையைத் தொடங்கிற்று.

அரசியலில் அவர் மிதவாதி. பின்னர் 1909ல் ஹைகோர்ட் நீதிபதி பதவியையும், 1911ல் கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினர் பதவியையும் ஏற்றார். தீவிரக் கட்சியினருக்கு அவரிடம் கசப்பு உண்டு. ஆயினும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பாரதியாரின் தேசியப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இனாமாக வழங்கியவரும் அவரே. மயிலாப்பூரில் ஆயுர்வேத வைத்தியசாலையும் ஸம்ஸ்கிருதக் கல்லூரியும் அவர் முயற்சியால் தோன்றின. 1911 டிசம்பர் 28ந் தேதி, நாற்பத்தெட்டாம் வயதில், அவர் காலமானார்.

அவர் கணக்குக் கேட்டது பாங்கு விழுந்த பிறகு. விழுவதற்கு முன்னரே கேட்க வல்லவர்கள் உள்ளே வேலை செய்பவர்கள்தாம். ரான்பாக்ஸி மருந்துக் கம்பெனியின் பொய்க் கணக்குகளை அங்கே உத்தியோகம் பார்த்த ஒருவர் வெளியிட்டதன் பயனாக, அது 2013ல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. நம் நாட்டிலும் அதே ஆண்டின் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் இடம் பெற்ற கம்பெனிகளில் ஊழியர் குறைகூற வழி இருக்க வேண்டும் என்று விதித்தது. சர்க்கார் துறைகளின் ஊழலை அறிவிப்போரைக் காக்க 2014ல் நிறைவேறிய சட்டமோ பல ஆண்டுகள் ஏட்டளவிலேயே கிடந்தது. உண்மை சொல்பவன் வேலையை இழப்பான் என்றால் எவன் வாய் திறப்பான்?

துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியும், எண்ணூர் மீனவரும் சேர்க்கும் காசு, அதிக வட்டி காட்டும் இடங்களை இன்றும் நாடுகிறது. 2022ல் ஆருத்ரா நிறுவனத்தின் மீது வழக்கு எழுந்தபோது, பணம் கட்டியோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்றும், தொகை 2,400 கோடி ரூபாய்க்கு மேல் என்றும் போலீஸார் தெரிவித்தனர். 1906ல் பட்டத்தை நம்பினோம். இக்காலத்தில் விளம்பரத்தை நம்புகிறோம். கணக்குக் கேட்பவனைக் கலகக்காரன் என்று தூற்றும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். கிருஷ்ணசாமி ஐயருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை அதுவே.