மின்னைச் சேமித்த பிளாந்தே

சென்ற ஆனியில் நயினை நாகபூஷணி அம்மனின் தேர் கண்டு மீண்ட என் அன்னையாரும் யானும் குறிகட்டுவான் இறங்குதுறையருகே எம் சிறிய வான் வண்டியிலேயே இரவைக் கழித்தோம். விளக்குக்கும் விசிறிக்குமென அதில் இரண்டாவது பற்றறி ஒன்று உண்டு. அதனைப் பொருத்தியவர் (பெயர் வேண்டா) முதலாவதனோடு வெறுங் கம்பியாற் பிணைத்துவிட்டார். விடியலில் அன்னையாருக்குக் காய்ச்சல் கண்டது, வண்டியோ முனகவுமில்லை. இரவெல்லாம் சுழன்ற விசிறி இரு பற்றறிகளையும் ஒருங்கே வறிதாக்கியிருந்தது. படகோட்டி ஒருவர் தம் படகின் பற்றறியைச் சுமந்து வந்து இணைத்த பின்னரே வைத்தியசாலை சேர்ந்தோம். அன்னையார் நலமுற்றதும், இக்கலத்தை ஆக்கித் தந்தவர் யாரெனத் தேடலானேன்.

அவர் கஸ்தோன் பிளாந்தே. 1834 ஏப்ரல் 22இல் பிரான்சு நாட்டின் ஓர்தேசு என்னும் ஊரிற் பிறந்தவர். இளவல் பிரான்சிசு பியானோ இசையிற் பெரும்புகழ் பெற்றவர். கஸ்தோனோ 1854இற் பாரிசு நகரத்துக் கலை, தொழிற் கழகத்திற் பௌதிக உதவியாளராய் அமர்ந்தார். மறுவாண்டே பாரிசையடுத்த மெடோனிற் பறக்கவியலாப் பேருருப் பறவையொன்றின் என்பைக் கண்டெடுத்தார். அப்பறவைக்குக் கஸ்தோர்னிஸ் என அவர் பெயரையே இட்டனர். மின்னியலார் ஒருவர் பெயர் தொல்பறவைக்கு வாய்த்தது விந்தையே.

1800இல் வோல்ற்றா அமைத்த அடுக்கும் அதன்வழி வந்த கலங்களும் உள்ளிருக்கும் உலோகம் கரையுமளவே மின் தருவன. 1859இற் பிளாந்தே இரு ஈயத்தகடுகளை இடையே துணி வைத்துப் பாய்போற் சுருட்டி, நீர் கலந்த சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தினார். மின்னைச் செலுத்த ஒரு தகட்டில் ஈயவீரொட்சைட்டு உண்டாயிற்று. மின்னை எடுக்க இரு தகடுகளிலும் ஈயச் சல்பேற்றுப் படிந்தது. மீளச் செலுத்தப் பழைய நிலை மீண்டது. வறிதான கலம் மீண்டும் நிறைந்தது. மறுவாண்டு ஒன்பது கலங்களைப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் வைத்தார்.

என்னை ஈர்த்தது அவர்தம் பொறுமை. புதிய ஈயத்தகடு சிறிதளவே மின் கொள்ளும். நிரப்பியும் வடித்தும், மின்னோட்டத்தைத் திருப்பி மறுபடி நிரப்பியும், இடையே ஓயவிட்டும், மாதக்கணக்கிற் பழக்கினாலன்றிக் கொள்ளளவு பெருகாது. நிரப்புதற்குக் கிடைத்தனவும் அந்தப் பழைய கரையுங் கலங்களே! ஆதலின் தம் கலங்களைச் சமாந்தரமாக இணைத்து நிரப்பினார். பின் ஆளியைத் திருப்பித் தொடராக்கி உயர் அழுத்தம் பெற்றார். இவ்வாறு 800 கலங்கள்வரை தொடுத்து, மின்னலை ஒத்த தோற்றங்களை ஆய்ந்தார். இணைப்பதும் பிரிப்பதும் வேளையறிந்து செய்யற்பாலன என்பதை அவர் அறிந்திருந்தார். எம் வண்டியிற் கம்பி பிணைத்தவர் அறிந்திலர்.

1881இற் கமீல் ஃபோர் தகட்டில் ஈய ஒட்சைட்டைக் குழைத்துப் பூசி, பழக்குங் காலத்தைச் சுருக்கினார். அவ்வாண்டே துரூவே என்பார் பிளாந்தேயின் கலங்களைக் கொண்டு பாரிசு வீதியில் முச்சக்கர வண்டியோட்டினார். 1889 மே 21இற் பிளாந்தே மறைந்தார். மோட்டார் வண்டியின் பொறியைப் பற்றறி கொண்டு கிளப்பும் முறை 1912இலேதான் விற்பனை வண்டிக்கு வந்தது. அதனை அவர் கண்டாரல்லர்.

வறிதாய் விடப்பட்ட கலத்திற் சல்பேற்று இறுகி, மின்னை ஏலாதாகும். ஆதலின் வீடு வந்ததும் இரு பற்றறிகளையும் தனித்தனியே நிரப்பினேன். இப்போது அவற்றிடையே ரிலே எனும் ஆளியொன்று உண்டு. பொறி இயங்கி, முதற் பற்றறியின் அழுத்தம் 13 வோல்ற்றுக்கு மேல் உயர்ந்தால் இரண்டாவதை அது இணைக்கும். பொறி நின்று அழுத்தம் தாழ்ந்தாற் பிரிக்கும். அன்னையார் அடுத்த ஆனிக்கு நாளெண்ணுகின்றார்.