ஸர் ரொனால்டு ராஸ்

சென்ற கோடை விடுமுறையில், பழவேற்காட்டேரிக் கரையிலுள்ள மீனவர் குப்பமொன்றில் எம் கல்லூரித் தோழரொருவர் இல்லத்தில் யாம் இருநாள் தங்கினோம். ஏரி உவர்நீராதலின், குடிநீரைக் குடங்களிலும் தொட்டிகளிலும் சேர்த்து வைத்திருந்தனர். விஞ்ஞான மாணவராகிய அத்தோழர், பட்டம் பெற்றபின் பொதுச் சுகாதாரம் பயிலக் கருதியுள்ளார். வலைத்தொழில் புரியும் அவர் தந்தையாரோ, மருந்து கொடாத வைத்தியனுக்கு ஊரார் என்ன கொடுப்பர் என்று வினவினார். கடன்பட்டுப் படிக்க வைப்பவர் வேறெதனை வினவுவார்? அன்றிரவு யாம் அவருக்குக் கூறிய வரலாற்றையே ஈண்டு வரைகின்றோம்.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்தார். எழுத்திலும் ஓவியத்திலும் நாட்டங்கொண்ட அவரை, படைத்தலைவராகிய தந்தையார் லண்டனில் வைத்தியம் பயில விடுத்தார். மனமின்றிப் பயின்று, 1881இல் இந்திய வைத்திய உத்தியோகத்திற் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். கவிதையிலும் கணிதத்திலும் பொழுது கழிந்தது. 1883இல் பெங்களூரில் அவர் மனையிற் கொசுத்தொல்லை மிக்கிருந்தது. அருகிருந்த தொட்டிநீரிற் புழுக்கள் நெளியக் கண்டு அதனைக் கவிழ்த்துவிட, கொசுவும் குறைந்தது.

1888இல் விடுமுறையிற் சென்றவர், தமது முப்பத்தொன்றாம் வயதில், லண்டனிற் பொதுச் சுகாதாரப் பட்டயப் படிப்பை மேற்கொண்டார். கிளைன் என்னும் பேராசிரியரிடம் நுண்ணுயிர் நூலுங் கற்றார். அவர் வாழ்வின் திருப்பமாகப் பலரும் 1897ஐயே கூறுவர். எமக்கோ இவ்வாண்டே திருப்பமாகத் தோன்றுகின்றது. நோயாளியை மட்டும் நோக்கிய கண், அதன்பின் அவன் குடியிருக்கும் மண்ணையும் நீரையும் உடன் நோக்கலாயிற்று.

1894இல் பாட்ரிக் மான்சன், மலேரியாக் கிருமியை அவருக்குக் காட்டி, அதற்குங் கொசுவுக்குந் தொடர்புண்டென்னுந் தம் கருத்தையும் உரைத்தார். மறுவருடம் சிக்கந்தராபாத்தில் ஆராய்ச்சி தொடங்கிய சில மாதங்களுக்குள், வாந்திபேதி பரவிய பெங்களூரைத் தூய்மை செய்ய ராஸ் அனுப்பப்பட்டார். 1897இல் நீலகிரியின் சீகூர்ப் பக்கத்திற் சென்றபொழுது தாமே சுரத்திற்கு இரையானார். அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், மீண்டும் சிக்கந்தராபாத்தில், புள்ளிச் சிறகுடைய கொசுவின் வயிற்றுச் சுவரிற் கிருமியைக் கண்டார். அக்கொசுக்கள் கடிக்கத் தம் உடலைக் கொடுத்தவர் ஹுசேன் கான் என்னும் நோயாளி. கடிக்கு ஓரணா அவர் பெற்ற கூலி. பரிசைப் பேசுவோர் அவ்வணாவையும் பேசுதல் தகும். 1898இல் கல்கத்தாவிற் பறவைகளைக்கொண்டு, கொசுவின் உமிழ்நீர் வழியே நோய் பரவுதலை ராஸ் மெய்ப்பித்தார். மனிதரிடத்தும் அஃது உண்மையென நிறுவிய இத்தாலிய அறிஞர் கிராசி முதலியோரோடு அவர் நெடுநாட் பூசலிட்டது பெருமைக்குரியதன்று.

1902இல் நோபெல் பரிசு பெற்றார். அவ்வாண்டே சூயஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியாவிற்குச் சென்று, தேங்குநீரை அகற்றும் வழிகளை வகுத்தார். சில ஆண்டுகளில் அந்நகரத்துச் சுரம் ஏறக்குறைய ஒழிந்தது. பின்னர் மொரீஷியஸ் தீவிலும் இவ்வகைப் பணி புரிந்தார். 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் லண்டனிற் காலமானார்.

இவற்றைப் பொறுமையோடு கேட்ட பெரியவர், இத்தகையோருக்குச் சர்க்கார் சம்பளமுண்டோ என்று மட்டும் வினவினார். உண்டென்றார் தோழர். விடியுமுன் ஏரிக்குச் செல்லவேண்டியிருந்தமையின், விண்ணப்பத்திற்கு எவ்வளவு பணம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அவர் உறங்கச் சென்றார்.