ஒரே சட்டியில் சாப்பிட்ட பாதிரியார்

பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மொலோக்காய். அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் மக்கள் நடுங்கினார்கள்.

அப்போது ஹவாயை ஒரு ராஜா ஆண்டு வந்தார். நாட்டில் தொழுநோய் பரவியது. பெருவியாதி என்பார்களே, அதுதான். இன்று மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடுகிறது. அன்று மருந்தே கிடையாது. நோய் கண்டவர்களைப் பிரித்து வைக்க 1865-ல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே முதல் கூட்டத்தைக் கப்பலில் ஏற்றி மொலோக்காய்க்கு அனுப்பினார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் ஆனார்கள்.

இறக்கிவிட்ட இடமோ இயற்கை கட்டிய சிறை. மூன்று பக்கம் கடல். நாலாவது பக்கம் செங்குத்தான மலை.

அந்த இடத்துக்கு 1873 மே 10-ந் தேதி ஒருவர் தாமாகவே போய் இறங்கினார். அவர்தான் டேமியன் பாதிரியார். வயது 33. உடம்பில் ஒரு நோயும் இல்லை.

அண்ணனுக்குப் பதில் தம்பி

டேமியன் பெல்ஜியம் நாட்டுக்காரர். 1840 ஜனவரி 3-ந் தேதி டிரெமெலோ கிராமத்தில், குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப். தானிய வியாபாரத்துக்கு மகன் உதவுவான் என்று தகப்பனார் எண்ணியிருந்தார். மகனோ அண்ணனைப் போலவே துறவியானார்.

ஹவாய்க்குப் போக வேண்டியவர் அண்ணன்தான். புறப்படும் சமயத்தில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தம்பி மன்றாடி அனுமதி பெற்றுக் கப்பல் ஏறினார். 1864-ல் ஹொனலுலுவில் குருப்பட்டம் பெற்றார். பெற்ற தாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

தொடாமல் எப்படி?

நான்கு பாதிரியார்கள் முறைவைத்து மொலோக்காய்க்குப் போய் வருவது என்பதுதான் ஏற்பாடு. முதலில் போன டேமியன் அங்கேயே தங்கிவிட்டார். வீடு இல்லை. ஆரம்ப நாட்களில் ஒரு தாழை மரத்தடியில் படுத்துக்கொண்டார்.

நோயாளிகளைத் தொடக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கறையோடு சொன்னதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால், தொடாமல் புண்ணுக்குக் கட்டுப் போடுவது எப்படி? எழ முடியாதவரைத் தூக்கி உட்கார வைப்பது எப்படி?

அவரும் மனிதர்தானே! குடிசைக்குள் வீசிய நாற்றம் தாங்காமல் வெளியே வந்து மூச்சு வாங்கியதும் உண்டு. நாற்றத்தை மறக்கப் புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். பிறகு மறுபடி உள்ளே போனார்.

ஹவாய் மக்களின் சாப்பாடு சேப்பங்கிழங்குக் களி. எல்லாரும் ஒரே சட்டியில் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். டேமியனும் அதே சட்டியில் சாப்பிட்டார். விலகி உட்கார்ந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியும்.

தச்சு வேலையும் அவருக்கு வரும். வீடுகள் கட்டினார். குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். அநாதைக் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்தார். இறந்தவர்களுக்குத் தம் கையாலேயே சவப்பெட்டி செய்தார். ஒன்று இரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில்!

பிரசங்கம் செய்யும்போது, தம்மையும் தொழுநோயாளிகளில் ஒருவராகவே சேர்த்துச் சொல்வார். நோய் வந்த பிறகுதான் அப்படிப் பேசினார் என்று ஒரு கதை உண்டு. அது சரியல்ல. வந்த முதல் ஆண்டிலேயே அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஒரு முறை அவருடைய தலைவர் கப்பலில் வந்தார். டேமியனைக் கப்பலில் ஏறவிடவில்லை. அவர் படகில் இருந்தபடியே தம் பாவங்களை உரக்கச் சொல்லி மன்னிப்புப் பெற்றார். நோய் இல்லாதவருக்கே இந்த நிலை!

சுடாத வெந்நீர்

1884 டிசம்பரில் ஒரு நாள், களைப்புத் தீரக் காலை வெந்நீரில் வைத்தார். கொதிக்கிற வெந்நீர். தோல் வெந்தது. வலி மட்டும் தெரியவில்லை. அதன் பொருள் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

வேலையை அவர் நிறுத்தவில்லை. இன்னும் வேகமாகச் செய்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஜோசப் டட்டன் 1886-ல் துணைக்குச் சேர்ந்தார். 1888-ல் மரியான் கோப் அம்மையாரும் கன்னியர்களும் வந்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது.

1889 ஏப்ரல் 15-ந் தேதி டேமியன் காலமானார். வயது 49. முதலில் படுத்துறங்கிய அதே தாழை மரத்தடியில் அவரைப் புதைத்தார்கள்.

1936-ல் பெல்ஜியம் அரசு அவர் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோயிற்று. 2009-ல் போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அதற்கு முன்பே, 1995-ல், மொலோக்காய் மக்களுக்கு அவருடைய வலது கை மட்டும் திரும்பக் கிடைத்தது. பழைய கல்லறையிலேயே அதை அடக்கம் செய்தார்கள்.