காட்டை எண்ணியவர்

ஜெர்மனியின் பான் நகரில் 1824இல் பிறந்த தீட்ரிக் பிராண்டிஸ், தாவரவியல் அறிஞர். 1856இல் பர்மாவின் பெகுப் பகுதித் தேக்குக் காடுகளின் கண்காணிப்பாளரானார். வணிகர்கள் வரம்பின்றி வெட்டிய காலம் அது. எஞ்சிய மரங்கள் எத்தனை என்பதை எவரும் அறியார். பிராண்டிஸ் யானைமீதமர்ந்து காட்டை ஊடறுத்துச் சென்றார். வழியில் கண்ட தேக்குகளைப் பருமன்வாரியாகப் பிரித்து, மரம் ஒன்றுக்கு ஒரு கீறலெனக் கையிலிருந்த கட்டையில் கத்தியால் குறித்தார். எளிய முறைதான், ஆயினும் ஆண்டுதோறும் முதிரும் அளவிற்கே வெட்டவேண்டும் என்னும் வரையறை அக்கீறல்களிலிருந்தே பிறந்தது. வணிகர்களின் எதிர்ப்பு அவரை அசைக்கவில்லை. கரேன் மலைமக்களைக் கொண்டு, அவர்தம் புனங்களில் நெல்லோடு தேக்கையும் வளர்த்தார்.

1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். அரசுக் காடுகளோடு, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் ஊராரே பேணும் ஊர்க்காடுகளும் வேண்டுமென வலியுறுத்தினார். 1878ஆம் ஆண்டு வனச்சட்டம் அதற்கென ஓர் இயலை ஒதுக்கியது. அவ்வியலோ பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. காடு அரசின் உடைமையாயிற்று. தலைமுறைகளாய் அதனை நம்பி வாழ்ந்தோரின் உரிமை, சலுகையாகச் சுருங்கியது. சென்னை மாகாணத்தின் 1882ஆம் ஆண்டு வனச்சட்டம் உருவானபோதும் பிராண்டிஸ் ஆலோசனை நல்கினார்.

1883இல் ஓய்வு பெற்றார். இந்திய மரங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1906இல் வெளிவந்தது. மறு ஆண்டு, பிறந்த ஊரான பானிலேயே மறைந்தார்.