இரவைக் கேள்வி கேட்ட வைத்தியர்

வானில் நட்சத்திரங்களுக்குக் கணக்கில்லை. அப்படியிருந்தும் இரவு ஏன் கறுப்பாக இருக்கிறது? சூரியன் மறைந்துவிட்டதால் என்று உடனே சொல்லிவிடுவோம். அந்தப் பதில் போதாது என்று உணர்ந்தவர்களுள் ஒருவர் ஹென்ரிக் ஒல்பர்ஸ் என்னும் வைத்தியர்.

1758 ஒக்டோபர் 11ஆம் திகதி ஜேர்மனியின் பிறேமன் நகருக்கு அருகே ஒரு மதகுருவின் மகனாக அவர் பிறந்தார். கொட்டிங்கன் நகரில் மருத்துவம் கற்றார். பின்னர் பிறேமனில் பகலெல்லாம் நோயாளரைப் பார்த்தார். இரவில் தன் வீட்டு மேல்மாடியில் தொலைநோக்கியுடன் விழித்திருந்தார். 1802இல் பல்லாஸ், 1807இல் வெஸ்டா எனும் இரு சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். 1815இல் அவர் கண்ட வால்வெள்ளி ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 2024இலும் வந்து சென்றது.

1804இல் ஒரு வணிக நிலையத்தில் பயிற்சி பெற்றுவந்த பெசல் என்னும் இளைஞர், வால்வெள்ளி பற்றிய தமது கணிப்பை அவரிடம் கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் சென்றிராதவர் என்று ஒல்பர்ஸ் ஒதுக்கிவிடவில்லை. அதனை அச்சேற்ற உதவினார். நட்சத்திரமொன்றின் தூரத்தை முதன்முதலில் நம்பத்தக்கவாறு அளந்து 1838இல் வெளியிட்டவர் அதே பெசல்தான்.

ஒல்பர்ஸ் 1823இல் எழுதிய கட்டுரையே அவர் பெயரை இன்றும் நிலைநிறுத்துகிறது. நக்கில்ஸ் மலைக்காட்டின் நடுவே நின்றால் எத்திசையிலும் ஏதாவதொரு மரம் கண்ணை மறிக்கும். அதுபோல, எல்லையற்ற, என்றுமுள்ள பிரபஞ்சத்தில் எங்கு நோக்கினும் ஒரு நட்சத்திரம் தென்பட வேண்டும். தூரம் இரு மடங்கானால் ஒரு நட்சத்திரத்தின் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். ஆனால் அத்தூரத்தில் நட்சத்திரங்களின் தொகை நான்கு மடங்காகும். ஆகவே வானம் முழுவதும் சூரியனைப் போலச் சுடர்விட வேண்டுமே!

கெப்ளர் போன்றோர் முன்பே இதனைச் சிந்தித்திருந்தனர். இடையிலுள்ள பொருள்கள் ஒளியை உறிஞ்சுகின்றன என்பது ஒல்பர்ஸ் தந்த விடை. அது பிழை. உறிஞ்சிய பொருளும் காலப்போக்கில் சூடேறி ஒளிவிடத் தொடங்கும் அல்லவா?

சரியான விடை 20ஆம் நூற்றாண்டில் தெளிவானது. பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். ஒளி விநாடிக்குச் சுமார் 3 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. மிகத் தொலைவிலுள்ளவற்றின் ஒளி இன்னும் நம்மை வந்தடையவில்லை. பிரபஞ்சம் விரிவதால் வந்தடையும் ஒளியிலும் ஒரு பகுதி கண்ணுக்குப் புலப்படாததாக மாறிவிடுகிறது. பிரபஞ்சத்திற்கு ஒரு தொடக்கம் உண்டு என்பதற்கு இரவின் இருளே ஒரு சான்று!

1840 மார்ச் 2ஆம் திகதி ஒல்பர்ஸ் மறைந்தார். அவரது விடை தோற்றது, கேள்வி நிலைத்தது. வைத்தியராக வேண்டும் என்பது நம்மில் பலரது கனவு, நம் பெற்றோரின் கனவும் அதுவே. அக்கனவோடு வானத்தைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் நேரமுண்டு என்பதை இவ்வைத்தியரின் வாழ்வு காட்டுகிறது.