முப்பத்து மூன்று வயதில் அரிவரி

படிப்புக்கென்று பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பியவர் நீங்களாயின், முதல் ஆண்டில் அப்பிள்ளை பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். புரியாத பாஷை, கையில் இல்லாத காசு, பழகாத குளிர். இவையெல்லாம் புனித லொயோலா இஞ்ஞாசியாரும் பட்டவையே.

1521இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்த கதையை நீங்கள் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். அதன் பின் நடந்ததையே பலர் அறியார். 1523இல் புனித பூமிக்குப் போய் அங்கேயே தங்க விரும்பினார். பிரான்சிஸ்கன் துறவிகள் இடங்கொடாமல் திருப்பி அனுப்பினர். ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிப்பு வேண்டும் என்று அப்போது தெளிந்தார். மறு ஆண்டு பார்சலோனாவில் சிறுவர்களோடு சிறுவராய் வாங்கில் அமர்ந்து இலத்தீன் இலக்கணம் தொடங்கினார். வயது முப்பத்து மூன்று! வினைச்சொற்களை மனனம் செய்ய முயலும்போதெல்லாம் இனிய தியான எண்ணங்கள் வந்து குறுக்கிட்டன. அவற்றைச் சோதனையென்றே கண்டுகொண்ட அவர், ஆசிரியரிடம் சென்று, இரண்டாண்டுக்கு ஒரு பாடமும் தவறேன் என்று வாக்களித்தார். பம்பலோனாவில் காட்டிய வீரத்தைவிட இது பெரிதென்பது என் எண்ணம்.

அல்காலா, சலமன்கா நகரங்களிலும் படித்தார். இறையியல் கல்லாமலே ஞானக் காரியங்களைப் போதிக்கிறார் என்ற சந்தேகத்தில் முதல் நகரில் 42 நாள், அடுத்ததில் 22 நாள் சிறையிருந்தார். குற்றம் எதுவும் காணப்படவில்லை. ஆனாலும் அங்கே வாய் கட்டப்பட்டதாய் உணர்ந்து பாரிசுக்குப் புறப்பட்டார். ஸ்பெயினும் பிரான்சும் பொருதிக்கொண்டிருந்த காலம். போகாதே என்று நண்பர்கள் தடுத்தனர். புத்தகங்களைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு, குளிர்காலத்தில் தனியே நடந்து 1528 பெப்ரவரி 2ஆம் நாள் பாரிசை அடைந்தார். தம் இலத்தீன் அத்திவாரம் போதாதென்று கண்டு, மொந்தேகு கல்லூரியில் மறுபடி சிறுவர்களோடு இலக்கணத்தில் சேர்ந்தார்.

கொண்டுவந்த பணத்தை உடன் தங்கியிருந்த ஸ்பானிய மாணவன் ஒருவனிடம் நம்பிக் கொடுத்துவைத்தார். அவன் அதைச் செலவழித்துவிட்டான். வாடகை கொடுக்க வழியின்றி இஞ்ஞாசியார் புனித யாகப்பர் சத்திரத்தில் ஒதுங்கினார். விடியுமுன்னே கல்லூரியில் பாடம் தொடங்கிவிடும். சத்திரத்துக் கதவோ விடிந்த பின்பே திறக்கும். யாராவது ஓர் ஆசிரியருக்கு வேலைக்காரனாகலாம் என்று தேடினார், எவரும் எடுக்கவில்லை. இறுதியில், விடுமுறைதோறும் பிளாண்டர்ஸ் நாட்டுக்குச் சென்று ஸ்பானிய வணிகரிடம் பிச்சை கேட்டு ஆண்டுச் செலவைத் தேடிக்கொண்டார். ஒருமுறை இலண்டன்வரை போனார்.

அந்த மாணவன் என்னவானான்? ஊர் திரும்பும் வழியில் ரூவான் நகரில் நோயுற்று, இஞ்ஞாசியாருக்கே கடிதம் எழுதினான். நாமாயிருந்தால் என்ன செய்வோம் என்பதை உங்களிடமே விடுகிறேன். இவர் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை வெறுங்காலோடு, உண்ணாமல் குடியாமல், மூன்று நாளில் நடந்தார். புறப்பட்ட காலையில் உடை அணியவும் முடியாதபடி ஒரு பயம் அவரைப் பிடித்திருந்ததாம். நடந்து நடந்து மேடொன்று ஏறும்போதே அது நீங்கியது. நோயாளியைத் தேற்றி, ஸ்பெயினுக்குக் கப்பலேற்றி, அங்குள்ள தம் நண்பர்களுக்குக் கடிதமும் கொடுத்து அனுப்பினார்.

1529இல் புனித பார்பரா கல்லூரியில் மெய்யியல் படிக்கச் சேர்ந்தார். அதன் அதிபர் கோவேயா, மாணவரைக் கெடுக்கிறார் என்று இவர்மேல் சினந்து, எல்லார் முன்னிலையிலும் கசையடி கொடுப்பேன் என்று முன்னர் மிரட்டியவர். அங்கே அறைத் தோழர் இருவர். சவோய் நாட்டு பீற்றர் ஃபேபர் இவரிலும் பதினைந்து வயது இளையவர். அவரே பாடத்தில் இவருக்குத் துணையாசிரியர். மற்றவர் பிரான்சிஸ் சவேரியார். இஞ்ஞாசியார் காயப்பட்ட அதே போரில், சவேரியாரின் அண்ணன்மார் எதிரணியில் நின்றவர்கள். சவேரியார் இலகுவில் வசப்படவில்லை, ஆண்டுகள் பிடித்தன. 1534 ஆகஸ்ட் 15ஆம் நாள் மொன்மார்த் குன்றில் எழுவர் கூடி வார்த்தைப்பாடு கொடுத்தபோது அவரும் இருந்தார். அடுத்த ஆண்டு, நாற்பதைத் தாண்டிய வயதில், இஞ்ஞாசியார் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

கசையடி கொடுக்க நினைத்த அதே கோவேயாதான் 1538இல், இந்தியாவுக்கு அனுப்ப இவர்களே தகுந்தவர்கள் என்று போர்த்துக்கல் மன்னருக்கு எழுதினார். சவேரியார் 1541இல் கப்பலேறினார். முத்துக்குளித்துறையில் மறைபரப்பிக்கொண்டிருந்த அவரிடம், 1544இல், எங்கள் மன்னாரிலிருந்து திருமுழுக்குக் கேட்டு ஆள் வந்தது.